அப்பாவின் நெஞ்சும் நுரைச் செல்லும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் என் அப்பா முதலில் பஜ்ஜிக் கடை அடுப்பைப் பற்றவைக்க மாட்டார். உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு மெயின் அருவியில் போய் நிற்பார். வியாபாரமெல்லாம் அதற்குப் பிறகுதான். தென்காசி வீட்டிலிருந்து நானும் அம்மாவும் பஸ் ஏறிப் போவோம். ஈரத் துண்டும் எண்ணெய்ப் பிசுக்கும் முதல் ஈடு வாழைக்காய் பஜ்ஜியுமாகக் கலந்து வரும் அந்த வாசனை இன்னும் என் மூக்கில் நிற்கிறது. அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் இருந்ததில்லை.

எண்பதுகளில் திருநெல்வேலியில் தங்கி நோய்க்குறியியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சீசனுக்கு முன்னால் ஊருக்கு வந்தபோது அம்மா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஒங்கப்பா ஏத்தத்துல நடந்தா நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு நிக்காவ."

அப்பாவிடம் கேட்டேன். "வாயுப் பிடிப்புட்டி அது. அருவியில நெஞ்சக் காட்டி நின்னா அடைப்பெல்லாம் விட்டுப்போவுது" என்றார்.

அது இதய வலி என்று எனக்கு உடனே புரிந்தது. மேடேறும்போது வருகிற வலி, நின்று இளைப்பாறினால் அடங்குகிறது. ஆனால் நல்ல பெயர் அருவிக்குப் போய்விடுகிறது. இதைச் சொன்னதும், படித்த திமிர் என்றார். நான் பதிலுக்குக் கத்தினேன். முன்கோபத்தில் நான் அவர் மகளேதான்.

மறுநாள் கடைக்குப் பின்னால் அவர் தட்டி கட்டிக்கொண்டிருந்தபோது மறுபடி போய் உட்கார்ந்தேன். ரத்தத்தில் மிதக்கிற கொழுப்புத் துகளைப் பற்றிச் சொன்னேன். அது ரத்தக்குழாயின் சுவருக்குள் மாட்டிக்கொண்டு, சிக்கு வாடை பிடித்த எண்ணெய் மாதிரி திரிந்துபோகும். நல்ல துகள் என்றால் நம் உடம்பின் காவல் செல்கள் அளவோடுதான் எடுத்துக்கொள்ளும். திரிந்ததைக் கண்டாலோ போதும் என்பதே கிடையாது, விழுங்கிக்கொண்டே இருக்கும். உள்ளே கொழுப்பு குமிழ்குமிழாக நிறைந்துவிடுவதால் நுரைச் செல் என்று பெயர். பந்தியில் மூச்சுமுட்டச் சாப்பிட்டவன் இலையை விட்டு எழுந்திருக்க முடியாமல் கிடப்பதுபோல அது அங்கேயே கிடக்கும், சாகும். அப்படிச் சேர்ந்து சேர்ந்துதான் குழாய் அடைக்கிறது, வெளியிலிருந்து அருவி அடித்து அதைக் கரைக்க முடியாது, ஆஸ்பத்திரியில் காட்டும்வரை அருவிக்குப் போகக் கூடாது என்றேன்.

அப்பா கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்போ அவன் நம்மளக் காப்பாத்த வந்தவனாட்டி?"

"ஆமாப்பா."

"வந்த எடத்துல தின்னு தின்னு வெளிய போவ முடியாம சாவுதானாக்கும். பாவம்லா அந்தப் பய."

மைக்ரோஸ்கோப்பில் எத்தனையோ தடவை பார்த்த செல் அது. அதை அடையாளம் சொன்னால் மார்க் கிடைக்கும் என்பதற்கு மேல் நான் யோசித்ததே கிடையாது.

"திங்கக்கெழம ஒன் ஆஸ்பத்திரிக்கு வாரேன்" என்றார். பீடிக் கட்டையும் எடுத்து என் கையில் தந்தார்.

நான் கிளம்பிய அன்றே சாரல் தொடங்கிவிட்டது. திங்கட்கிழமை திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் நின்றேன். தென்காசி பஸ்கள் வந்து வந்து காலியாயின, அப்பாவைக் காணோம். அருவிக்குக் கீழே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவதாக மனம் என்னென்னவோ காட்டியது. கடைசியில் ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கினார். தலை ஈரம் காயவில்லை, சட்டையில் எண்ணெய்.

"போகாதீங்கன்னு சொன்னேன்லா? அவ்வளவு சொல்லியும் அருவிக்குப் போயிருக்கீங்களே!"

"இனிமே நீ விடமாட்டல்லா. அதான் சொல்லிட்டு வந்தேன்."

"யார்ட்ட?"

"அருவிட்ட."

பஸ் ஸ்டாண்ட் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். அதற்குப் பிறகு சட்டைப்பையில் மாத்திரையோடு பல சீசன் கடை போட்டார். முதல் சாரலன்று மட்டும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, கூட்டத்துக்குப் பின்னால் தள்ளி நின்று, காற்றில் வருகிற தூறலுக்கு நெஞ்சைக் காட்டுவார்.