முதல் இஞ்சு இல்லாத டேப்

என் நாத்தனாருக்கு நான் வெச்ச பேரு அமுக்குணி. எங்க தையல் கடையில துணி வெட்டுறது அவ, தைக்கிறது நான். நாள் முழுக்கச் சேர்ந்தாப்போல நாலு வார்த்தை பேசமாட்டா. அப்படிப்பட்டவ இன்டர்நெட்டுல பிளாக் எழுதுறாளாம்! ஸ்கூல் வேன் ஓட்டுற அக்கா கடைக்கு வந்து சொன்னாங்க. "உன் நாத்தனார் எழுதினதைப் படிச்சு நானே ஒரு சட்டை வெட்டிட்டேன்மா. கையைத் தூக்கினா தோள்பட்டை இழுக்கவே இல்லை!"

எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. தோள்பட்டை இழுக்காம இருக்க அவ வெட்டுற அந்த அக்குள் வளைவை நம்பித்தானே எங்க கடையே ஓடுது? அதைப் படம் போட்டு ஊருக்கே ஓசியில சொல்லிக் கொடுத்திருக்கா.

சும்மா யாராவது இப்படிச் செய்வாங்களா? கண்டிப்பா தனிக்கடை போடப் போறா, இது அதுக்கு விளம்பரம். அவ போயிட்டா என் கதி? எனக்குத் தைக்கத்தான் தெரியும், ஒரு காலரை ஒழுங்கா வெட்டத் தெரியாது. கடையை இழுத்து மூட வேண்டியதுதான். வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, "என் தங்கச்சி அப்படியெல்லாம் செய்யமாட்டா"ன்னு தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். அண்ணனாச்சே!

போன்ல எல்லாத்தையும் தேடிப் படிச்சேன். முதல் பதிவே 'பழைய டேப்பைத் தூக்கிப் போடுங்க'. யாரைக் குத்துறான்னு எனக்குத் தெரியாதா? எங்க கடை டேப் நுனி நைஞ்சு போச்சுன்னு முதல் இஞ்சை நான் வெட்டி எறிஞ்சுட்டேன். எதை அளந்தாலும் ஒரு இஞ்சு கூடக் காட்டும். நான் அப்படியே எழுதுவேன், அவ மனசுல ஒண்ணைக் கழிச்சுக்கிட்டு வெட்டுவா. புது டேப் வாங்கலாம்னு அவ எத்தனையோ தடவை சொல்லியிருக்கா. "எந்தச் சட்டையாவது திரும்பி வந்துச்சா? பேசாம வேலையைப் பாரு"ம்பேன்.

சரி, அவ வாயைப் பிடுங்கலாம்னு பொய்ப் பேர்ல ஒரு கேள்வி போட்டேன். நிஜம் மாதிரி இருக்கணுமேன்னு வீட்டுக்காரரையே அளந்து எழுதினேன். "என் கணவர் ஒல்லி. கழுத்து பதினஞ்சரை. காலர் எப்படி வெட்டுறது? அப்புறம், நீங்க சொந்தக் கடை எப்போ திறக்கறீங்க?"

மறுநாள் கடையில தைச்சுக்கிட்டு இருக்கும்போது போன்ல பதில் வந்துச்சு. அவ எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு மேஜையில துணியை விரிச்சுக்கிட்டு இருந்தா.

"அண்ணி, கழுத்து பதினாலரைதான். அண்ணனுக்கு நான்தானே சட்டை வெட்டுறேன்? ஒண்ணைக் கழிக்க மறந்துட்டீங்க. கடையெல்லாம் திறக்கலை. இங்க எழுதினா, ஏன் அப்படி வெட்டணும்னு யாராவது கேக்கறாங்க. நம்ம கடையில கேக்க யாரு இருக்கா?"

எனக்கு மானமே போச்சு. ஆனா அதைவிட அந்தக் கடைசி வரிதான் சுருக்குன்னு தைச்சது. மெஷினை நிறுத்தினேன்.

"ஏன்டி, அந்த அக்குள் வளைவை எதுக்கு அப்படி வெட்டுறே?"

அவ திரும்பலை. "யாரு கேக்கறது? எங்க அண்ணியா, அந்த ஒல்லிக்காரர் பொண்டாட்டியா?"

"அண்ணிதான்டி."

கத்தரிக்கோலைக் கீழே வெச்சா. அப்புறம் பேசினா பாருங்க, இவளுக்கா அமுக்குணின்னு பேரு வெச்சேன்! பேசிக்கிட்டே என் கழுத்துல கிடந்த டேப்பை உருவி வெட்டுத்துணிக் கூடையில போட்டா. நான் அடுத்த கேள்வியைக் கேட்டேன்.