யூனிஸும் மற்ற நான்கு நேயர்களும்

டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருடம் ஊரார் பேசிக்கொள்ள லைன் போட்டுக் கொடுத்துவிட்டு, தான் பேச ஒரு ஆள் இல்லாமல் ஓய்வு பெற்ற பெண்மணி யூனிஸ். இதில் அரசாங்கத்தைக் குறை சொல்ல முடியாது. பென்ஷன் விதிகளில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. வாழ்நாளில் அவர் அதிகம் சொன்ன வாக்கியம், "பேசுங்க, லைன் இருக்கு." சொன்னதும் விலகிவிட வேண்டும். ஆபரேட்டர் நடுவில் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. யூனிஸ் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

லிங்கராஜபுரம் வீட்டில் ஒரு கார்ட்லெஸ் ஃபோன் இருந்தது. கிரெடிட் கார்டு விற்கும் பெண்கள் மட்டும் கூப்பிடுவார்கள். யூனிஸ் அவர்கள் உச்சரிப்பைத் திருத்தி அனுப்பி வைப்பார்.

2007இல் மாடியில் குடியிருந்த ஷில்பா புது லேப்டாப் வாங்கினாள். பழையது படியிறங்கி யூனிஸிடம் வந்தது. அதில்தான் பெர்னார்ட் அகப்பட்டார். ஒரு காலத்தில் இரண்டு தெரு தள்ளி இருந்தவராம், இப்போது ஆஸ்திரேலியாவில் பெர்த். யூனிஸ் அவரைப் பார்த்ததில்லை. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு இன்டர்நெட்டில் ஒற்றை ஆளாக ரேடியோ நடத்துவார். பழைய ரெக்கார்டு போடுவார், நடுவில் இருமுவார், இருமலுக்கு மன்னிப்புக் கேட்பார். திரையின் மூலையில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று ஒரு எண் தெரியும். பெர்னார்டுக்கு அந்த எண்தான் உயிர்.

"அஞ்சு பேருப்பா! போன வாரம் நாலு, இப்ப அஞ்சு! இப்பிடியே போனா வேலைய விட்டுட்டு இதையே பாக்க வேண்டியதுதான்!"

மற்ற நான்கு பேரும் யூனிஸுக்கு நன்றாகப் பழக்கமாகிவிட்டார்கள். ஒருவர் காது மந்தமான ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். இரண்டு பேர் அக்கா தங்கைகள். ஒரே வீடுதான், பேச்சுவார்த்தை இல்லாததால் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். நான்காவது ஆள் எப்போதும் லேட்டாக வந்து எல்லாருடைய காலையும் மிதிப்பவன். யாரும் சொல்லித் தெரிந்ததல்ல, யூனிஸ் தானே கற்பனையில் வைத்துக்கொண்டதுதான். ஆனாலும் நாலு பேர் வருகிற இடத்தில் நைட்டியோடு உட்காரலாமா? ஞாயிறு ஐந்தே முக்காலுக்கு அவர் சேலைக்கு மாறிவிடுவார்.

ஒரே தொல்லை, பாட்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துபோகும். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். யூனிஸ் பட்டனை அமுக்கி மறுபடி இணைவார். டிரங்க் லைனில் இப்படி அறுந்திருந்தால் மெமோ கொடுத்திருப்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை, எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் கம்பெனி கேப் வருவதற்குள் ஷில்பா கீழே இறங்கி வந்து பார்த்தாள். கம்பெனியில் அவளுக்கு நெட்வொர்க் வேலைதான்.

"ஐயோ ஆன்ட்டி, வைஃபை பாக்ஸை யாராச்சும் பீரோக்குப் பின்னாடி வெப்பாங்களா? அத்தனை இரும்பைத் தாண்டி சிக்னல் எப்பிடி வரும்?"

"பச்சை பச்சையா மினுக்குதேம்மா, வரவங்க கண்ணு படுமேன்னு வெச்சேன்."

"யாரு வராங்க ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டு ஷில்பா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பக்கத்துல கார்ட்லெஸ் ஃபோன் வேற. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு கத்துது. ஸ்வல்ப தள்ளி வெச்சா போதும், அஷ்டே, அவ்ளோதான்." கன்னடம் கலக்காமல் அவளுக்குப் பேச வராது.

பெட்டி ஷோகேஸ் உச்சிக்கு ஏறியது. ஃபோன் சமையலறைக்குப் போனது. ஷில்பா லேப்டாப்பில் ஏதோ வைஃபை சேனலை மாற்றினாள். கேப் ஹாரன் அடித்தது, ஓடிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு பாட்டு பிசிறில்லாமல் வந்தது. பெர்னார்டின் நாற்காலி கிறீச்சிட்டதும், அவர் எச்சில் விழுங்கியதும்கூடக் கேட்டன.

"இன்னிக்கு… ஒருத்தர்," என்றார் பெர்னார்ட்.

மழையாக இருக்கும் என்று யூனிஸ் சமாதானம் செய்துகொண்டார். அதற்கடுத்த ஞாயிறும் ஒன்றுதான்.

"வர்ற வாரமும் இதே கதைன்னா மூடிடலாம்ப்பா. ஒருத்தருக்கு எதுக்கு ஸ்டேஷன்? ஃபோன்ல பேசிட்டுப் போயிடலாமே."

மறுநாள் காலை யூனிஸ் கேட்டில் நின்று ஷில்பாவை மடக்கினார். "பாட்டு நல்லாத்தான் வருது. மத்த நாலு பேரும் எங்கம்மா போனாங்க?"

ஷில்பா விஷயத்தைக் கேட்டு, இரண்டு நிமிடம் யோசித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். "ஆன்ட்டி, அந்த நாலு பேரும் நீங்கதான்! லைன் கட் ஆனா நீங்க மறுபடி உள்ள போறீங்க இல்ல? முன்னாடி இருந்த யூனிஸ் வெளிய போனது அந்தப் பக்கம் இருக்கிற சர்வருக்குத் தெரியாது. இன்னும் உக்காந்திருக்காங்கன்னு ரொம்ப நேரம் எண்ணிக்கிட்டே இருக்கும். நாலு தடவ கட்டானா அஞ்சு யூனிஸ்!"

யூனிஸும் மரியாதைக்குச் சிரித்தார். ஒரே நாளில் நான்கு சாவு. துக்கம் கேட்டுப் போகக்கூட விலாசம் இல்லை.

அந்த வாரம் பெர்னார்டுக்குக் கடிதம் எழுத லேப்டாப்பைத் திறந்தார். 'அன்புள்ள பெர்னார்ட்' வரை வந்தது. மேற்கொண்டு என்ன எழுதுவது? அந்த ஐந்து பேரும் நான்தான் என்றா? அந்த மனிதர் வேலையை விடலாமா என்று யோசித்ததே அந்த ஐந்து பேரை நம்பி. தவிர, ஆபரேட்டர் நடுவில் பேசக் கூடாது. அழித்துவிட்டார்.

ஞாயிறு. ஐந்தே முக்காலுக்குச் சேலை மாற்றினார். நாற்காலி போட்டு ஏறி, ஷோகேஸ் மேலிருந்த பெட்டியை இறக்கிப் பழையபடி பீரோவுக்குப் பின்னால் வைத்தார். கார்ட்லெஸ் ஃபோனையும் கொண்டுவந்து ஒட்டி நிறுத்தினார்.

ஆறு மணி. பாட்டு தொடங்கியது, அறுந்தது. பட்டன். மறுபடி அறுந்தது. பட்டன். மூன்றாம் முறையும் அறுந்தது. பட்டன்.

"மூணு பேரு! இரு இரு… நாலு! அடப் பாவிங்களா, எங்கடா போயிருந்தீங்க ரெண்டு வாரமா?" பெர்னார்டுக்குச் சந்தோஷத்தில் இருமல் வந்துவிட்டது. "மூடுறேன்னு சொன்னதை மறந்துடுங்க. நீங்க எல்லாரும் இருக்கிற வரைக்கும் நான்…"

அறுந்தது. வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

யூனிஸ் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, பட்டனில் விரலை வைத்தபடி, பழைய உத்தியோகக் குரலில் திரையைப் பார்த்துச் சொன்னார்:

"பேசுங்க, லைன் இருக்கு."