ஆறு பங்குக் கிணறு

இன்றைக்கும் யாராவது “எல்லாருக்கும் சமமாப் பிரிச்சாச்சு” என்றால் நான் ஒரு தடவை எண்ணிப் பார்ப்பேன். சமம் என்ற சொல்லை நான் லேசில் நம்புவதில்லை. பரளச்சிப் பக்கம் எங்களுக்கு இருந்த பங்குக் கிணறுதான் அதற்குக் காரணம்.

எண்பதுகளின் கடைசி அது. அப்பா இறந்த பிறகு மிளகாய்த் தோட்டத்தை அம்மா ஒற்றையாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிணற்றுக்கு ஆறு பங்காளிகள், ஒரே மோட்டார். ஆளுக்கு ஒரு நாள் தண்ணீர் முறை. முறை வைத்தவர் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா. அந்தக் கோடையில் தோட்டத்துக் கரண்டை ஒரு நாள் பகலில், மறுநாள் ராத்திரியில் என்று மாற்றி மாற்றி விட ஆரம்பித்தார்கள். ஆளுக்குப் பாதி பகல், பாதி ராத்திரி வரும், நியாயம்தானே என்றார் பெரியப்பா.

எங்கே வந்தது? எங்கள் முறை வரும்போதெல்லாம் ராத்திரிதான். வரப்பில் விரியன் கிடக்கும். அம்மா ஒரு கையில் மண்வெட்டி, ஒரு கையில் டார்ச் லைட்டோடு கிளம்புவாள். திரும்பி வந்து அவள் கால் கழுவும் சத்தம் கேட்கும்வரை எனக்குப் பயத்தில் தூக்கம் வராது. பெரியப்பா முறையோ தவறாமல் பகலில் விழுந்தது.

“லயன்மேனுக்கு என்னத்தையோ குடுத்துச் சரிக்கட்டிட்டாக” என்றாள் அம்மா. நானும் அப்படியே நம்பினேன். பெரியப்பா வீட்டு வாசலில் லயன்மேன் மோர் குடித்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். வேறென்ன சாட்சி வேண்டும்!

ஒரு நாள் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் அம்மா லயன்மேனை மறித்துவிட்டாள். மனுஷன் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏத்தா, ஒன் ஒரு தோட்டத்துக்குன்னு தனியாக் கரண்டு வருமா? சுத்துப்பட்டி அம்புட்டுக்கும் ஒரே லயனு. இன்னிக்குப் பகலுன்னா எல்லாருக்கும் பகலுதேன்.”

பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

விஷயம் பிடிபட்டது அருப்புக்கோட்டையில், என் வகுப்பறையில். டீச்சர் ஆறின் மடங்குகளை எழுதிக்கொண்டே போனார். ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்துநான்கு. பலகை நிறைந்தும் ஓர் ஒற்றைப்படை வரவில்லை. எனக்குச் சுரீரென்றது. கரண்டுக்கு இரண்டு நாள் சுற்று. முறைக்கு ஆறு நாள் சுற்று. ஆறுக்குள் இரண்டு மிச்சமில்லாமல் அடங்கிவிடுகிறது. முதல் முறை ராத்திரியில் விழுந்தவளுக்கு ஆயுசுக்கும் ராத்திரிதான்! லஞ்சமே தேவையில்லை. சரி, ஏழாக இருந்தால்? ஏழு பகா எண். தன்னையும் ஒன்றையும் விட்டால் அதை மீதியில்லாமல் வகுக்க ஆளில்லை, இரண்டின் ஜம்பம் அதனிடம் பலிக்காது. ஒரு முறை ராத்திரி என்றால் அடுத்த முறை பகல்.

மறுநாள் சாயங்காலம் பங்காளிகள் கிணற்றடியில் கூடியிருந்தபோது இதை விளக்கிச் சொன்னேன்.

“ஏழு நாள் முறையா வைங்க. ஏழாம் நாளு யாருக்கும் வேணாம், கெணறு ஊறட்டும்.”

எங்களைப் போலவே ராத்திரியில் மாட்டிக்கொண்ட இரண்டு பங்காளிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெரியப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“எதுக்குத்தா ஒரு நாள வீணாக்கணும்? அஞ்சா வச்சாலும் அதே கணக்குத்தேன். ஒங்காத்தா பங்க எனக்கு எழுதிக் குடுத்துரட்டும். பொம்பள எதுக்கு ராத்திரியில அல்லாடணும்?”

ஐந்தும் பகா எண்தான். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. பாவி மனுஷன், என் கணக்கை வைத்தே எங்களைக் கழித்துவிட்டார்!

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“ஏன் மச்சான், எம்மக இத நேத்துத்தேன் கண்டுபிடிச்சா. அவ ஏழுன்னு சொல்லி வாய மூடுறதுக்குள்ள நீங்க அஞ்சுன்னுட்டீங்க. நீங்க இத எப்பக் கண்டுபிடிச்சீங்க?”

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கிணற்றுக்குள் எதையோ தேடுகிறவர் மாதிரி எட்டிப் பார்த்தார். மற்றவர்கள் ஏழு என்றே முடிவு செய்தார்கள். அடுத்த முறை அம்மா பட்டப்பகலில் தண்ணீர் பாய்ச்சினாள்.