மேலேறும் பந்து

பிறர் உடம்பின் நோவைத் தன் உடம்பில் முன்னரே உணர்வதுதான் கண்ணோட்டம். அதை உடையவருக்கு உலகம் நன்றி பாராட்டும் என்று எவரும் உறுதி தந்ததில்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், எங்கள் ஊர் விதைக்கடையில் மூட்டை சுமக்கும் வெண்டல் கூபிக்கிடம் அக்குணம் இருந்தது. அதுவே அவரைக் கவிழ்த்தது.

ஏழாண்டுகள் சிற்றணிகளோடு பேருந்துகளில் அலைந்தபின், இருபத்தாறாம் வயதில், பேஸ்பாலின் தலையாய போட்டித்தொடரில் பந்தெறியும் பேறு அவருக்குக் கிட்டியது. அவருடைய பதினோராம் ஆட்டத்தில், எதிரணி எறிந்த பந்து அவர் தோழர் ஒருவரின் முதுகைத் தாக்கியது. பதிலுக்கு அவர்களுள் ஒருவரைப் பந்தால் அடித்தாக வேண்டும். எங்கும் எழுதப்படாத, எவரும் மீறாத சட்டம் அது. வெண்டல் பந்தெறிய நின்ற எறிமேட்டுக்கே பயிற்சியாளர் நடந்து வந்தார்.

"அடுத்து வர்றவன் விலாவுல போடு."

அடுத்து மட்டையோடு வந்தவர் டாரல் மீக்ஸ். தாடை உடைந்து கம்பி கட்டியிருந்தவர், அன்றுதான் களத்துக்குத் திரும்பியிருந்தார்.

"கோச், என் பந்து கடைசியில மேல ஏறும். விலாவுக்குப் போட்டா மூஞ்சியில பட்டுடும்."

"உன்கிட்ட பாடம் கேக்கலடா. இந்த டீம்ல இருக்கணுமா, வேணாமா?"

இருக்கவே விரும்பினார் வெண்டல். ஆயினும் கை இசையவில்லை. எவருக்கும் எட்டாத தொலைவில் பந்தை எறிந்தார். அடுத்த பந்தை மீக்ஸ் வேலிக்கு அப்பால் அனுப்பினார். வெண்டலின் அணி தோற்றது.

உடைமாற்றும் அறையில் ஒருவரும் வெண்டலோடு பேசவில்லை. முதுகு கன்றிக் கிடந்தவர் மட்டும் வாய்திறந்தார். "அவன் தாடைக்கு உருகினியே, என் முதுகு என்ன கட்டையா?"

மறுநாளே சிற்றணிக்குத் திருப்பி அனுப்பினார்கள். மறு அழைப்பு வரவேயில்லை.

பல்லாண்டுகள் கழித்து ஒருநாள் விதைக்கடை வானொலியில் மீக்ஸின் பேட்டி ஒலித்தது. "அந்தக் கூபிக்கா? பயந்தாங்கொள்ளி. பந்தைப் பிடிக்கவே கை நடுங்கும்."

கடை முதலாளிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என்ன வெண்டல், மூட்டையையாவது குறி பாத்துப் போடுவியா?"

வெண்டல் மூட்டையை வண்டியில் ஏற்றினார். அன்று மாலை அவர் வீட்டில் உண்ண, கடையில் அவரோடு வேலைபார்க்கும் நானும் அமர்ந்திருந்தேன்.

"அடிச்சிருக்கணும். மூஞ்சியிலயே" என்றார் மனைவியிடம்.

"உன்னால முடியாது" என்றபடி வெர்னா உருளைக்கிழங்கை அவர் தட்டில் வைத்தாள்.

"முடியாமப் போனதாலதானே மூட்டை தூக்குறேன்."

அவள் இன்னொரு கிழங்கையும் அவர் தட்டில் வைத்தாள். நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்:

மனிதர் தராத நன்றியை இறைவனேனும் தருக. வெண்டலும் வெர்னாவும் உண்ணும் அம்மேசையில் உணவு குன்றாதிருக்க. அவ்வீட்டார் உடம்பில் நோவு அணுகாதிருக்க. அவர்கள் உறக்கம் இனிதாகுக.