கடவுச்சொல் போடும்போது திரும்பி நின்றவர்

2013ஆம் ஆண்டு, மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். பள்ளிகளுக்கு வினாத்தாள் தட்டச்சுச் செய்து தரும் என் இரண்டறை அலுவலகத்தில் வைஃபை அமைக்க வந்திருந்தார். நனைந்த குடையை வெளியே சாய்த்துவிட்டு, இரண்டு அறைகளையும் நடந்து பார்த்தார். ரவுட்டரை இரும்பு அலமாரிக்குப் பின்னால் மறைத்து வைக்கலாமே என்றேன்.

"அங்க வெச்சா அலமாரிக்கு மட்டும்தாம்மா நெட் கிடைக்கும்" என்று சிரித்து, இரு அறைகளுக்கும் நடுவே சுவரில் உயரமாகப் பொருத்தினார்.

ரவுட்டருடன் வந்த கடவுச்சொல்லை மாற்றும் நேரம் வந்ததும், விசைப்பலகையை என்னிடம் நகர்த்திவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"நீங்களே போடுங்கம்மா. நீளமா இருக்கட்டும். பேரு, பிறந்தநாள் எதுவும் வேண்டாம்."

"நீங்க பார்த்தா என்னவாம்?"

"பார்த்தா தெரிஞ்சிடும். நாளைக்கு இங்க எது காணாமப் போனாலும் உங்களுக்கு என் மூஞ்சிதான் ஞாபகம் வரும்."

போகும் இடமெல்லாம் இப்படித் திரும்பி நிற்பதாலேயே ஊரில் அவருக்கு 'முதுகம்மா' என்று பெயர். "புறமுதுகு காட்டியே பேர் வாங்கின வீராங்கனை என் பொண்டாட்டி ஒருத்திதான்" என்று அவருடைய கணவர் கேலி செய்வாராம்.

விருந்தினருக்கென்று தனி இணைப்பு ஒன்றையும் அமைத்துக் கொடுத்தார். அதில் சேர்பவர் இணையத்தைப் பயன்படுத்தலாம். அலுவலகக் கோப்புகள் அவர் கண்ணில் படா.

மூன்றாம் ஆண்டில், ஒரு பள்ளிக்காக நான் தட்டச்சுச் செய்திருந்த கணக்கு வினாத்தாள் தேர்வுக்கு இரண்டு நாள் முன்னதாக வெளியாகிவிட்டது. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் கொதித்துப்போய் வந்தார். "லைன் போட்டவங்களுக்குத்தானே பூட்டு எப்படித் திறக்கும்னு தெரியும்? கூப்பிடுங்க அந்தம்மாவை!" அந்தப் பேச்சு தெருவில் இறங்கினால், முதுகம்மாவுக்கு ஒரு வீடும் கதவைத் திறக்காது.

வந்தவர் கோபப்படவில்லை. கணினியில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு, வழக்கம்போல் திரும்பி நின்றார். "எந்தெந்த போன் எப்ப சேர்ந்துச்சுன்னு பட்டியல் வரும். சத்தமாப் படிங்கம்மா."

படித்தேன். மூன்று கணினிகள், என் கைப்பேசி. ஐந்தாவதாக, ஒரு தனிப்பயிற்சி நிலையத்தின் பெயரோடு ஒரு கைப்பேசி. சென்ற செவ்வாய்க்கிழமை பிற்பகல், அலுவலக இணைப்பிலேயே சேர்ந்திருந்தது.

"இது யாரு?" என்றார் தலைமையாசிரியர்.

யாரென்று எனக்குத் தெரியும். விளம்பரத் தாள் தட்டச்சுச் செய்துகொள்ள வந்து, அரைமணி நேரம் காத்திருந்த அந்த நிலையத்து ஆசிரியர். விருந்தினர் இணைப்பைக் கொடுப்பது வந்தவரை வாசலிலேயே நிறுத்துவதுபோல் எனக்குப் பட்டது. ஆகவே அலுவலகக் கடவுச்சொல்லையே அழகாக ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். கோப்புகளுக்குத் தனிப் பூட்டும் இல்லை.

முதுகம்மாவுக்கு எல்லாம் புரிந்திருக்கும். ஆயினும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த டியூஷன் சாருக்கு நான்தாங்க பாஸ்வேர்டு எழுதிக் குடுத்தேன்" என்றேன். "இவங்களுக்கு என் பாஸ்வேர்டு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்தார். முதுகம்மாவிடம், "தப்பாப் பேசிட்டேன்மா. எங்க பள்ளிக்கூடத்துக்கும் நீங்கதான் வந்து போட்டுத் தரணும்" என்றார்.

"வர்றேன் சார்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அம்மா, விருந்தாளிக்குச் சோறு போடுங்க. சாவிக்கொத்தையுமா பரிமாறுவாங்க?"

அன்றே கடவுச்சொல்லை மாற்றினேன். அவர் சுவரைப் பார்த்தார். தேர்வும் புதிய வினாத்தாளுடன் நடந்தது.

பதினோர் ஆண்டுகளில் நானூறுக்கும் மேற்பட்ட வீடுகளுக்கும் கடைகளுக்கும் அவர் வைஃபை அமைத்துக் கொடுத்தார். அவற்றுள் ஒன்றன் கடவுச்சொல்லும் அவருக்குத் தெரியாது. இதைவிடப் பெரிய பாராட்டு அவருக்கு வேண்டியதில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தபோது தம் வீட்டில் நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். வீட்டுக்குப் புதிய ரவுட்டர் வந்திருந்தது. அவர் சொல்லச் சொல்ல மருமகள் அமைத்தாள். திரை கடவுச்சொல் கேட்டதும், "உங்க வீடுதானே அத்தை, நீங்களே ஒண்ணு சொல்லுங்க" என்றாள்.

"உன் ஆபீஸ் வேலையெல்லாம் இதுலதான் போகுது. நீதான் போடணும்."

கட்டிலின் சட்டத்தைப் பற்றிக்கொண்டு, மெல்ல மெல்லச் சுவர்ப்பக்கம் புரண்டார். அதன்பின் எங்களிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"போட்டு முடிச்சதும் சொல்லும்மா. திரும்பிக்கிறேன்."