வலது பக்கத்து டிராக்

வில்சன் இறந்த இருபத்து மூன்றாம் நாள் புருஷோத்தமன் போன் செய்தார். துக்கம் கேட்க அல்ல.

"ஷீபா, உங்கப்பா கைல ஒரு டேங்க் குடுத்திருந்தேன். கெடுத்து வெச்சிட்டாரு. பரவால்ல, இருக்கிறபடியே எடுத்தாந்து குடுத்துடும்மா."

பரவாயில்லையாம். ஷீபா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

புருஷோத்தமன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்குத் தலைவர். அறையில் கண்ணாடி அலமாரி. அதில் உள்ளங்கை அளவில் அறுபது மாதிரி ராணுவ டேங்குகள். ஒன்றும் ஓடாது. வாங்குவார், நிறுத்துவார், படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போடுவார். குழுவில் உள்ள மற்றவர்களும் அதே ரகம். வாழ்த்துவார்கள், இவரும் திருப்பி வாழ்த்துவார். அதற்குப் பெயர் ரசனை.

வில்சன் அதே தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் கன்வேயர் பிட்டர். வாலாஜாபாத்தில் பிறந்தவர், ஐ.டி.ஐ. படித்தவர், படப்பையில் இரண்டு அறை வீடு கட்டியவர். சொந்தமாக ஒரே ஒரு டேங்க். அதை ஓட வைத்தார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் உட்காருவார். அச்சில் ஒட்டிய பெயின்டை ஊசியால் சுரண்டுவார். சக்கரம் ஊதினால் சுற்ற வேண்டும். பிறகு சக்கரங்களைச் சுற்றி ரப்பர் பட்டையான டிராக்கை மாட்டி, அதில் ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பார். உப்புத்தாள் ஒட்டிய சாய்வுப் பலகையில் விடுவார். புள்ளி சுற்றி வந்தால் டேங்க் உருள்கிறது. நின்ற இடத்திலேயே நின்றால் சும்மா சறுக்குகிறது. அலமாரிக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

ஜனவரியில் புருஷோத்தமனின் டேங்க் ஒன்றை உருள வைத்துக் கொடுத்தார். ஒரு மாதத்தில் அது திரும்பி வந்தது. வலது டிராக் பல்சக்கரத்தை விட்டுக் கழன்றிருந்தது. 'பிட்டர் கையில் பொம்மையைக் கொடுத்தால் இப்படித்தான்' என்று குழுவில் எழுதினார் புருஷோத்தமன். பதினான்கு பேர் சிரித்தார்கள். 'பார்த்துத் தருகிறேன் சார்' என்று வில்சன் எழுதினார். பார்ப்பதற்குள் நெஞ்சு வலித்தது.

ஷீபா ஸ்ரீபெரும்புதூரில் தர ஆய்வு இன்ஜினியர். புருஷோத்தமன் டேங்கின் இரண்டு டிராக்கையும் கழற்றித் தட்டையாக வைத்து அளந்தாள். இடது எழுபத்தொன்பது மில்லிமீட்டர். வலது எண்பத்தொன்று. முகர்ந்தாள். மெஷின் எண்ணெய். எண்ணெய் குடித்த ரப்பர் ஊதும், நீளும், நழுவும். அப்பா மூக்குக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் 'சார்' போட்டிருக்கிறார். அவர் மேல் வந்த எரிச்சலில் அவளுக்குக் கண் கரித்தது.

அப்பாவின் டேங்கிலிருந்து வலது டிராக்கைக் கழற்றி இதில் மாட்டினாள். சனிக்கிழமை, டேங்கும் சாய்வுப் பலகையுமாக ஒரகடம் போனாள்.

புருஷோத்தமன் மேஜையில் டேங்க் உருண்டது. புள்ளி சுற்றி வந்தது. அவள் அப்பாவின் போனில் வீடியோ எடுத்தாள்.

"அட, ஓடுதே! அப்ப அவரு இன்னா தப்பு பண்ணாரு?"

"அவர் பண்ணல. எண்ணெய் விட்டது யார் சார்?"

"லேசா டைட்டா இருந்துச்சு. ரெண்டு சொட்டு வுட்டேன். ஓடலன்னா எண்ணெய் வுட மாட்டாங்களா?"

அவர் நாற்காலிக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர். அதற்கப்பால் கன்வேயர் லைன். லைன் முகப்பில் அறிவிப்புப் பலகை: 'ரப்பர் பெல்ட்டில் எண்ணெய் படக் கூடாது.' கீழே அவர் கையெழுத்து.

"இத குரூப்ல எழுதுங்க சார்."

"போனவரப் பத்தி இப்ப எதுக்கும்மா..."

அவளே எழுதினாள், அப்பாவின் எண்ணிலிருந்து. 'வலது டிராக்கில் எண்ணெய் விட்டது புருஷோத்தமன் சார். ரப்பர் இரண்டு மில்லிமீட்டர் ஊதி நீண்டிருந்தது. வேறு டிராக் போட்டதும் ஓடுகிறது.' வீடியோவையும் சேர்த்தாள்.

உடனே ஒரு பதில் வந்தது. வேல்ராஜ் என்று ஒருவர். 'சூப்பர் வில்சன் அண்ணே! இன்னா, ஒரு மாசமா ஆளையே காணோம்? ஊருக்குப் போயிட்டீங்களா?'

ஷீபா நிமிர்ந்தாள். புருஷோத்தமன் அடக்கத்துக்கு வந்தவர். கல்லறை வாசலில் கறுப்புக் கண்ணாடியோடு பத்து நிமிடம் நின்றவர். குழுவில் ஒரு வரி போடவில்லை.

"சொல்லல்லியா சார்?"

"டேங்க் குரூப்பும்மா. அதுல போய் சாவு சேதி..."

'அப்பா இறந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. புருஷோத்தமன் சாருக்குத் தெரியும். ஷீபா, மகள்' என்று எழுதி அனுப்பினாள். டேங்கைப் புரட்டி அப்பாவின் வலது டிராக்கைக் கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொண்டாள். ஊதிப்போன டிராக்கை அவர் மேஜையில் வைத்தாள்.

"இது உங்களோடது."