சுப்புராஜின் காலை நடை

"வரட்டும், வரட்டும், வலது ஒடி" என்று கத்திக்கொண்டே பின்னால் நடந்தார் சுப்புராஜ். லாரியின் பின்பக்கம் கிட்டங்கிக் கதவை உரசாமல் நின்றது. பஜார் ரோட்டில் அதற்குப் பின்னால் ஆட்டோக்கள் அலறின.

அவர் அங்கே இருந்திருக்கக் கூடாது. படகுத்துறை வரை நடந்துவிட்டு வருவதாக மனைவி மகாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபின் தினமும் காலையில் நடக்க வேண்டும் என்பது மருத்துவர் உத்தரவு. அவரும் ஒரு நாள் தவறாமல் நடந்தார், முதலாளி கபீரின் மிளகாய்க் கிட்டங்கிக்கு.

"அண்ணாச்சி, நீங்க ஒக்காருங்க. நான் பாத்துக்கறேன்" என்றான் ரமேஷ்பாபு. சுப்புராஜ் பார்த்த வேலையை இப்போது அவன்தான் பார்க்கிறான்.

"நீ பாத்த லட்சணத்துலதான் போன தடவ கப்பலு கைவிட்டுப் போச்சு."

சுமைக்காரர்கள் சிரித்தார்கள்.

விருதுநகரிலிருந்து மிளகாய் லாரியோடு வந்து மட்டாஞ்சேரியிலேயே தங்கிவிட்டவர் சுப்புராஜ். கபீர் ஏற்றுமதி செய்யும் சரக்கை, வல்லார்பாடம் துறைமுகத்தில் கப்பலுக்கான கேட் மூடுவதற்குள் சேர்ப்பது அவர் வேலை. கேட் மூடிவிட்டால் கபீர் திட்டமாட்டார். அன்று முழுவதும் அவரிடம் பேசமாட்டார், அவ்வளவுதான். லாரி உள்ளே போனது என்று தெரியும்வரை சுப்புராஜ் சாப்பிடமாட்டார். தெரிந்தபின் நின்றபடியே பொரோட்டாவும் பொரித்த மீனும். லாரி கிளம்பும்போது ஒரு சிகரெட், பாலத்தில் ஏறிவிட்டது என்று தகவல் வந்தால் இன்னொன்று. தூங்கும்போதும் போன் நெஞ்சின் மேல் கிடக்கும்.

மாசியில் ஒருநாள் நெஞ்சு எரிந்தது. மிளகாய்க் கிட்டங்கியில் யாருக்குத்தான் எரியாது? வழக்கம்போல மோர் குடித்தார், வெல்லத்தை வாயில் அடக்கிக்கொண்டார், லாரியை அனுப்பினார். அதன்பிறகுதான் விழுந்தார். ஸ்டென்ட் வைத்த மருத்துவர், தாமதத்தால் இதயத்தின் ஒரு பகுதி செத்துவிட்டது என்றார்.

"பாரம் தூக்குற வேலையா?"

"இல்ல டாக்டர். ஒரு மூட்டையத் தொட்டதில்ல."

அது உண்மை. மட்டாஞ்சேரியில் யூனியன் அட்டை உள்ள சுமைக்காரர்களைத் தவிர யாரும் மூட்டையில் கை வைக்க முடியாது.

"டென்ஷன்?"

"சேச்சே. நின்னு பாக்குற வேலதான்."

அதையும் அவர் நம்பித்தான் சொன்னார்.

கபீர் அவரைப் பிராட்வேயில் உள்ள தன் சில்லறைக் கடைக்கு மாற்றினார். நாற்காலி, மின்விசிறி. சுற்றுலா வந்தவர்கள் ஏலக்காய்ப் பொட்டலத்தை மோந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள். சுப்புராஜின் மனம் எந்த லாரி எந்தச் சிக்னலில் நிற்கிறது என்று ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்த இடத்தில் மூச்சு வாங்கியது. ரமேஷ்பாபுவுக்குப் போன் செய்தால் அடங்கியது. நேரில் போய்ப் பார்த்தால் இன்னும் நன்றாக அடங்கியது. உடம்பு தேறுகிறது என்று மகா நினைத்தாள். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

இன்று ஒரு மூட்டை பிரிந்து மிளகாய்ப் பொடி கொட்டியது. எல்லோரும் இருமினார்கள். சுப்புராஜுக்கு நெஞ்சின் நடுவில் எரிந்தது.

"சஃப்வானே, ஒனக்கு எரியுதா?"

"எரியாம பின்னே? மொளகாயல்லே சேட்டா" என்றான் சுமைக்காரன் சஃப்வான்.

"ஒனக்கு?"

"எனக்குக் கண்ணே தெரியல அண்ணாச்சி" என்றான் ரமேஷ்பாபு.

அவருக்கு நிம்மதியாக இருந்தது. இன்னும் இரண்டு பேரிடம் கேட்டார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். எல்லோரும் வெளியே வந்து காற்றில் நின்றார்கள். இருமல் ஒவ்வொருவருக்கும் நின்றது. சஃப்வான் முகம் கழுவிவிட்டு வந்தான். சுப்புராஜ் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சேட்டா, ஞங்களுக்கு எரிச்சல் மாறிப்போச்சல்லோ. நிங்களுக்கு மாறலையா?"

"லாரிய விடு மொதல்ல. கேட்டு மூடிருவான்."

ரமேஷ்பாபு போனை எடுத்தான். "மகாக்காவக் கூப்புடுறேன்."

"கூப்புட்டா, படகுத்துறையில இருந்தேன்னு சொல்லு."

"படகுத்துறையில மொளகாப் பொடி ஏது? சட்டையப் பாருங்க, ஹோலி கொண்டாடுன மாதிரி இருக்கு."

மகா ஆட்டோவில் வந்தாள். அவர் அருகே குனிந்ததும் தும்மினாள். சஃப்வானும் அவளுமாக அவரைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தார்கள்.

தோப்பும்படிப் பாலத்துக்கு முன்னால் ஆட்டோ நெரிசலில் நின்றது. அவர் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"லாரி போயிருச்சான்னு கேளு."

"பேசாம வாங்க."

"கேளு மகா. தெரியலன்னா இன்னும் கூடுது. நெசமா கூடுது."

அவள் அவருடைய கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்த்தாள். போனை எடுத்து, யாரையும் அழைக்காமல் காதில் வைத்துக்கொண்டாள்.

"ரமேஷு, வண்டி உள்ள போயிருச்சா? சரிப்பா." போனை இறக்கினாள். "போயிருச்சாம்."

அவர் கண்களை மூடினார். தோள்கள் இறங்கின. ஆட்டோ நகர்ந்தது.

மறுநாள் காலையில் மருத்துவர் மகாவைக் கூப்பிட்டு, இன்னொரு ரத்தக் குழாயிலும் அடைப்பு இருந்ததாகவும் அதைச் சரிசெய்துவிட்டதாகவும் சொன்னார். இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் வலு முன்பைவிடக் குறைந்திருக்கிறது என்றார். சுப்புராஜ் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார். அவள் காலை நடை உட்பட முழுவதும் சொன்னாள். லாரி கேட் மூடியபிறகே போய்ச் சேர்ந்திருந்தது. சரக்கு அடுத்த கப்பலுக்காக நிற்கிறது என்று ரமேஷ்பாபு அவளிடம் மட்டும் சொன்னான். கபீர் வந்து தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார். சுப்புராஜ் தூங்கிக்கொண்டிருந்தார். மகா கான்டீனில் இட்லி சாப்பிட்டாள். மாற்றுத் துணி எடுக்க பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.